அனுமதி கேட்காமல் நுழைகிறவர்கள்



ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பின் எமது பள்ளிவாசலில் பெண்களுக்கென ஒரு வகுப்பு நடைபெற்று வருகின்றது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் ஒரு தாய் மட்டும் திரைக்கு அப்பால் அமர்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "மௌலவி, போன் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

அவர் சொன்ன விபரத்தை, அவரது அனுமதியுடனும் அவரது மகளின் அனுமதியுடனும், ஆள் யாரென்று தெரியாதவாறு சிலவற்றை மாற்றி இங்கு தருகின்றேன்.

கொரோனாக் காலத்தில் இளைய மகனின் பாடங்களுக்காக வாங்கிய ஒரு போன் அவர்கள் வீட்டு ஹோலில் எப்போதும் கிடக்கும். யாரும் எடுத்துப் பாவிப்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சில நாட்களின் பின், இந்தத் தாய் அந்தப் போனில் வட்டிலப்பம் செய்யும் முறையொன்றைத் தேடியிருக்கின்றார். சமையல் குறிப்பின் பக்கத்தில் ஒரு விளம்பரம் வந்தது. பிள்ளைப் பாக்கியம் இல்லாதவர்களுக்குச் சிகிச்சை செய்யும் நிலையமொன்றின் விளம்பரம். அடுத்த நாள் வேறொன்றைத் தேடினார். அங்கும் அதே விளம்பரம். ஒரு கிழமையாக எதைத் திறந்தாலும் அதுவே வந்தது.

வீட்டில் மருமகள் இருக்கின்றார். கலியாணமாகி இரண்டு வருடம். இன்னும் பிள்ளையில்லை. "இவள் ஏதோ நோயை மறைத்துக்கொண்டுதான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்" என்று இந்த மாமியின் உள்ளம் தீர்மானித்துவிட்டது. மருமகள் குளிக்கப் போயிருந்த வேளையில் அந்தப் பிள்ளையின் சொந்தப் போனையும் எடுத்துக் கிண்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. தன் தங்கையிடம் சொன்னார். தங்கை தன் மச்சியிடம் சொன்னார். நான்கே நாட்களில் கதை பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மருமகள் உடுப்புகளைக் கட்டிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பின்னர்தான் வெளியூரில் வாழும் அவரது சொந்த மகள் அழுதழுது கோல் எடுத்தார். "உம்மா, அந்தப் பிள்ளையை ஒன்றும் சொல்லாதீங்க. பெருநாளைக்கு வந்திருந்த நேரம் ராவையில் அந்தப் போனில் வாசித்தது நான்தான்." கலியாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளையில்லாத கவலையைத் தாயிடம்கூடச் சொல்லாமல் மனதிலே பூட்டி வைத்திருந்த மகள் அவர்.

நான் அந்தத் தாயிடம், "போன் பொய் சொல்லவில்லை ராத்தா. ஆனால் சொல்லக்கூடாத ஒன்றை, சொல்லக்கூடாத இடத்தில் சொல்லியிருக்கின்றது. அதை நீங்களும் பிழையாக விளங்கிக்கொண்டீர்கள்" என்றேன்.

அன்றிரவு எனக்கு ஸூரதுல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் நினைவுக்கு வந்துகொண்டேயிருந்தது. அந்த வசனத்தில் அல்லாஹுத்தஆலா மூன்று விடயங்களை வரிசையாகத் தடுக்கின்றான். முதலாவது கெட்ட எண்ணம். இரண்டாவது துருவித் துருவி ஆராய்தல். மூன்றாவது புறம் பேசுதல். ஒன்று மற்றொன்றுக்குக் கதவு திறந்துவிடும் என்பதை வகுப்பில் எத்தனையோ தடவை படித்துக் கொடுத்திருக்கின்றேன். இந்த வீட்டில் அந்த மூன்றும் அதே வரிசையில் நடந்திருக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் முன்னரே, கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் அந்த மகளைத் துருவிப் பார்த்துவிட்டார். அவர் யார்? எப்படிப் பார்த்தார்? கொழும்பில் கம்பியூட்டர் துறையில் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதையும் நான் தேடி வாசித்தவற்றையும் எளிய முறையில் சொல்கின்றேன்.

ஒரு சிறு துண்டு

லோண்டரியில் உடுப்புக் கொடுத்தால் இலக்கமிட்ட ஒரு துண்டு தருவார்கள் அல்லவா? கடைக்காரருக்கு நமது முகம் ஞாபகமிருக்காது. துண்டைக் காட்டினால் போதும், நமது உடுப்பு எதுவென்று கண்டுபிடித்துவிடுவார். இணையத்தளங்களும் அப்படித்தான். ஒரு பக்கத்தைத் திறந்து, அடுத்த பக்கத்துக்குப் போனால், முன்னர் வந்தவரும் இவரும் ஒருவர்தான் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. ஆகவே அது நமது போனில் இலக்கமிட்ட ஒரு சிறு துண்டை வைத்துவிடுகின்றது. அடுத்த முறை நாம் போகும்போது நமது போன் அந்தத் துண்டை எடுத்துக் காட்டுகின்றது. இந்தத் துண்டுக்குத்தான் குக்கீ என்று பெயர்.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி என்ற 23 வயது இளைஞர் இதனைக் கண்டுபிடித்தார். இணையத்தில் சாமான் வாங்குபவர் கூடைக்குள் என்ன போட்டார் என்பதை ஞாபகம் வைத்திருப்பது இதன் ஆரம்ப நோக்கங்களில் ஒன்று. இதில் தீமை ஒன்றுமில்லை. ஈமெயிலைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரகசிய இலக்கம் கேட்காமலிருப்பதும், தமிழைத் தெரிவு செய்தால் அடுத்த முறையும் தமிழிலேயே பக்கம் திறப்பதும் இந்தக் குக்கீயின் உதவியால்தான். ஆகவே குக்கீ என்றாலே கூடாது என்று சொல்ல முடியாது. கத்தி காய்கறி வெட்டவும் உதவும், கையை வெட்டவும் செய்யும்.

பிரச்சினை எங்கே வருகின்றது? புறக்கோட்டைக்குப் போகின்றோம் என்று வைத்துக்கொள்வோம். புடவைக் கடை, மருந்துக் கடை, புத்தகக் கடை என்று ஏறி இறங்குகின்றோம். ஒவ்வொரு கடைக்குள்ளும் ஒரே விளம்பரக் கம்பனியின் ஆள் ஒருவன் மூலையில் நிற்கின்றான். முதற் கடையில் நமது பைக்குள் தன் கம்பனியின் துண்டொன்றைப் போட்டுவிடுகின்றான். அடுத்த கடையில் நிற்பவன் அந்தத் துண்டைப் பார்த்து, "இந்த இலக்கக்காரி மருந்துக் கடைக்கும் வந்தாள், இன்ன மருந்தைப் பார்த்தாள்" என்று கொப்பியில் எழுதுகின்றான். கடைக்காரருக்குத் தெரிந்தது அந்தக் கடையில் நடந்தது மட்டும். இந்த ஆளுக்கோ நமது முழு நாளும் தெரியும். இவன் வைக்கும் துண்டுக்கு மூன்றாந் தரப்புக் குக்கீ என்று சொல்கின்றார்கள். நாம் போன கடைக்குச் சொந்தமானதல்ல, நாம் அறியாத மூன்றாமவருக்குச் சொந்தமானது என்பது இதன் கருத்து.

அந்த மகள் வாசித்த மருத்துவப் பக்கத்திலும், தாய் திறந்த சமையல் பக்கத்திலும் விளம்பரம் போடுவது ஒரே கம்பனியாக இருந்தால், நடந்தது என்ன என்பது இப்போது விளங்கும். கம்பனிக்குத் தெரிந்தது போனில் இருந்த இலக்கம் மட்டுமே. அதைக் கையில் வைத்திருப்பது தாயா, மகளா, மருமகளா என்பது அதற்குத் தெரியாது. ஆகவேதான் மகளின் கவலையைத் தாயின் வட்டிலப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்தது. சகோதரிகளே, இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரு போனில் வரும் விளம்பரம் எவருக்கும் எதிரான சாட்சியல்ல. அதை வைத்துக் கணவன் மனைவியையோ, தாய் பிள்ளையையோ சந்தேகிப்பது மார்க்கம் தடுத்த கெட்ட எண்ணமேயாகும்.

துண்டு வைப்பது மட்டுமல்ல, வேறு வழிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய படமொன்றைப் பக்கத்தில் வைப்பார்கள். பக்கம் திறக்கும்போது அந்தப் படமும் இன்னொரு கம்பனியிலிருந்து வரவேண்டியிருப்பதால், நாம் அங்கு வந்த செய்தி அந்தக் கம்பனிக்குப் போய்விடும். திரையின் அளவு, எழுத்து வகைகள், நேர வலயம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்து, துண்டே இல்லாமலும் போனை அடையாளம் காண்பார்கள். கைரேகை பார்ப்பது போன்ற வேலை அது. செயலிகளுக்குள் இதே வேலையைச் செய்ய வேறு கம்பனிகளின் சிறு மென்பொருட்கள் வைக்கப்படுகின்றன.

நமது வீட்டுக்குள் வந்த இரண்டு விடயங்கள்

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று எண்ண வேண்டாம். பெண்கள் தமது மாதவிலக்கு நாட்களைக் குறித்து வைக்கும் ஃப்ளோ என்ற செயலியை உலகில் 10 கோடிக்கு மேற்பட்டோர் பாவித்துள்ளனர். தகவல்களை இரகசியமாக வைத்திருப்போம் என்று வாக்களித்துவிட்டு, பேஸ்புக், கூகுள் போன்ற கம்பனிகளின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்கு அத்தகவல்களைக் கொடுத்ததாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன் மீது குற்றஞ்சாட்டியது. 2021இல் அவ்விடயம் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. இனிமேல் பாவிப்பவரின் சம்மதமின்றிக் கொடுக்கக்கூடாது என்று கட்டளையிடப்பட்டது. ஒரு பெண் தன் சகோதரியிடமும் சொல்ல வெட்கப்படும் விடயத்தை அறியாத கம்பனிகள் அறிந்துகொண்டன.

இரண்டாவது, நமது தொழுகையோடு சம்பந்தப்பட்டது. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் முஸ்லிம் புரோ செயலியைப் பாவிப்பவர்களின் இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற தரகுக் கம்பனிக்குப் போனதாகவும், அந்தக் கம்பனி அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களுக்கு இருப்பிடத் தகவல்களை விற்றதாகவும் மதர்போர்ட் என்ற அமெரிக்கச் செய்தித்தளம் 2020 நவம்பரில் வெளிப்படுத்தியது. இராணுவத்துக்குத் தாம் விற்கவில்லை என்று முஸ்லிம் புரோ மறுத்தது. எனினும் எக்ஸ்-மோட்டுடனான தொடர்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில், வணக்கஸ்தலங்கள், வைத்திய நிலையங்கள் போன்ற இடங்களுக்குப் போய் வருவோரின் தகவல்களை விற்கக்கூடாது என்று அதே ஆணைக்குழு எக்ஸ்-மோட்டின் பின்வந்த கம்பனிக்கு உத்தரவிட்டது. கிப்லாவைத் தேடி நாம் எடுத்த போன், நாம் எந்தப் பள்ளிவாசலுக்கு எத்தனை மணிக்குப் போகின்றோம் என்பதையும் யாருக்கோ சொல்லக்கூடியது என்பதை அன்றுதான் உலக முஸ்லிம்கள் பலர் அறிந்துகொண்டார்கள்.

"தவறு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?"

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு சகோதரி, "மௌலவி, நாங்கள் ஹராமான ஒன்றையும் பார்ப்பதில்லையே. யார் பார்த்தால் என்ன?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்தார். அப்போது நபியவர்கள் சீப்பொன்றினால் தமது தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்றது. அந்த மனிதரை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்க வேண்டுமென்று சட்டமாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் விளக்கினார்கள். சகோதரிகளே, தலை கோதுவது பாவமா? ஒளித்துச் செய்ய வேண்டிய காரியமா? இல்லை. ஆனாலும் அனுமதியின்றிப் பார்ப்பது குற்றமாயிற்று. வீட்டிலிருப்பவர் தவறு செய்கின்றாரா இல்லையா என்பது இங்கு கேள்வியே அல்ல. பார்த்தவருக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

ஸூரதுந் நூரின் 58ஆவது வசனத்தை எண்ணிப் பாருங்கள். பஜ்ருக்கு முன், நண்பகலில் உடை களைந்து ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் என்ற மூன்று நேரங்களில், நமது சொந்த வீட்டுச் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டுமென்று அல்லாஹ் கற்றுத் தருகின்றான். அந்த மூன்று நேரங்களிலும் இன்று நமது தலையணைக்குப் பக்கத்தில் இருப்பது எது? நமது பிள்ளைக்கே மூடச் சொன்ன கதவை, பெயர் தெரியாத கம்பனிக்குத் திறந்து வைத்திருக்கின்றோம்.

கம்பனிகள் அனுமதி கேட்கத்தான் செய்கின்றன என்று சிலர் சொல்லலாம். ஐரோப்பிய நாடுகளில் 2009இல் திருத்தப்பட்ட சட்டத்தின் பின்னர்தான், பக்கத்தைத் திறந்தவுடன் குக்கீக்குச் சம்மதமா என்று கேட்கும் பெட்டிகள் பரவலாயின. ஆனால் "அக்செப்ட் ஆல்" என்ற பட்டன் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்கும். மறுக்கும் பட்டனைத் தேடிப் பிடிக்க வேண்டும். முன்கூட்டியே புள்ளடியிட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதை இலேசாகவும் மறுப்பதைக் கஷ்டமாகவும் வைத்ததற்காக பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணைக்குழு 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக அறிவித்தது. கொடுக்கல் வாங்கலில் மனப்பொருத்தம் வேண்டுமென்று நமது மார்க்கம் சொல்கின்றது. களைக்க வைத்துப் பெறுகின்ற தலையாட்டல் மனப்பொருத்தமாகாது. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. ஆனால் சட்டம் வந்து கதவை மூடும் வரை காத்திருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியவை

கதவை முற்றாக அடைக்க நம்மால் முடியாது. ஆனால் தாழ்ப்பாள் போடலாம்.

சம்மதம் கேட்கும் பெட்டி வந்தால் அவசரப்பட்டு அமர்த்த வேண்டாம். "ரிஜெக்ட் ஆல்" என்றிருந்தால் அதையே அமர்த்துங்கள். பெரும்பாலான பக்கங்கள் அதன் பின்னரும் ஒழுங்காகவே வேலை செய்யும்.

குரோமில் செட்டிங்ஸுக்குள் தேர்ட் பார்ட்டி குக்கீஸைத் தடுக்கும் இடமுண்டு. பிள்ளைகளிடம் சொல்லி அதைத் தடுத்து வையுங்கள். ஆப்பிளின் சபாரி 2020 முதல் அவற்றைத் தானாகவே தடுக்கின்றது. கூகுளும் நிறுத்தப்போவதாக 2020இல் சொல்லிவிட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் பாவிப்பவர்கள் தாமே செய்துகொள்ள வேண்டும்.

வீட்டார் பலர் பாவிக்கும் போனில் சொந்த விடயமொன்றைத் தேடுவதாயின் இன்கொக்னிட்டோ என்ற முறையில் திறவுங்கள். மூடியவுடன் அந்தத் துண்டுகள் அழிந்துவிடும். ஆனால் அது முழுத் திரையல்ல. நாம் போகும் தளத்துக்கும் இணைய இணைப்புத் தரும் கம்பனிக்கும் நாம் போனது தெரியவே செய்யும்.

தொழுகைச் செயலிக்கு இருப்பிடத்தைக் கொடுப்பதாயின், பாவிக்கும் நேரம் மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஊரின் பெயரைக் கொடுத்தாலே போதுமான செயலிகளும் உண்டு. பள்ளிவாசல் தரும் தொழுகை நேர அட்டவணையைச் சுவரில் தொங்கவிட்டால் அதற்கு எந்தக் குக்கீயும் தேவையில்லை. ஐபோனில் ஒரு செயலி நம்மைப் பின்தொடர அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். புதிய அன்ட்ரொய்ட் போன்களில் விளம்பர அடையாள இலக்கத்தையே அழித்துவிடலாம்.

வீட்டிலிருந்தவாறு உடுப்பு, கேக் என்று இணையத்தில் விற்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பக்கத்தைச் செய்து தருபவர் அதற்குள் யாருடைய குக்கீகளை வைத்திருக்கின்றார் என்று கேளுங்கள். உங்களிடம் வரும் வாடிக்கையாளரின் தகவல் உங்களிடமுள்ள அமானத்தாகும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்றுண்டு. கம்பனி செய்வதைக் குறை சொல்லிவிட்டு அதே வேலையை நாம் வீட்டில் செய்யக்கூடாது. சிறு பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்குத் தெரியும்படி, இன்ன காரணத்துக்காகப் பார்க்கின்றேன் என்று சொல்லிப் பார்ப்பது வேறு. மருமகள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போனைக் கிண்டுவது வேறு. முன்னையது பொறுப்பு. பின்னையது அல்லாஹ் தடுத்த துருவல்.

அல்லாஹ் நமது உள்ளத்தில் இருப்பதையும் அறிகின்றான். ஆனால் அவன் குறைகளை மறைப்பவன். மறைப்பதையே விரும்புபவன். இவ்வுலகில் ஒரு முஸ்லிமின் குறையை மறைத்தவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியுள்ளார்கள். சந்தையோ நம்மைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தாலும் அதை விலை பேசுகின்றது. இந்த இரண்டில் நமது வீடு எதைப் போல இருக்க வேண்டும்?

அந்தத் தாய் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு மருமகளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். யார் யாரிடம் கதையைச் சொன்னார்களோ அவர்களிடமெல்லாம் அது பொய்யென்று தாமே போய்ச் சொன்னார்கள். மருமகள் திரும்பி வந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். சம்மந்தி வீட்டாரின் ஸலாமில் பழைய சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லையாம். மகள் இப்போது தாயுடனேயே டொக்டரிடம் போய் வருகின்றார். ஹோலில் கிடந்த போன் இன்னும் அங்குதான் கிடக்கின்றது. அதில் வரும் விளம்பரத்தை அந்த வீட்டில் இப்போது எவரும் பொருட்படுத்துவதில்லை.

அந்த மகளுக்கு ஸாலிஹான குழந்தையை அல்லாஹ் வழங்குவானாக! கெட்ட எண்ணத்தை விட்டும், துருவிப் பார்ப்பதை விட்டும், புறம் பேசுவதை விட்டும் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.